படம் யாருடையது? டேவிட் செல்ஸ்னிக்கை வைத்து ஹாலிவுட் தயாரிப்பாளரைப் புரிந்துகொள்வோம்

ஆங்கிலப் படங்களின் டைட்டிலைக் கவனித்துப் பாருங்கள். இயக்குநர் பெயர் ஒன்றுதான் வரும். தயாரிப்பாளர்கள் வரிசையில் மட்டும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். புரொட்யூசர், எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர், கோ-புரொட்யூசர், லைன் புரொட்யூசர் என்று போய்க்கொண்டே இருக்கும். "இத்தனை பேருமா பணம் போட்டாங்க?" என்று ஒருமுறை தியேட்டரில் பக்கத்து இருக்கை நண்பர் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. நமக்குத் தயாரிப்பாளர் என்றாலே பணம் போடுபவர்தான். ஃபைனான்ஸியரிடம் வட்டிக்கு வாங்கியோ, வீட்டுப் பத்திரத்தை வைத்தோ படத்தை முடித்துக் கொண்டுவரும் முதலாளி.

ஹாலிவுட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. சொந்தக் காசைப் படத்தில் போடாதே என்பதுதான் அந்த ஊர்த் தயாரிப்பாளர்களின் பாலபாடம். பணம் ஸ்டூடியோவுடையதாக இருக்கும், வங்கியுடையதாக இருக்கும், சினிமா ஆசை பிடித்த கோடீஸ்வரருடையதாக இருக்கும்.

அப்படியானால் தயாரிப்பாளர் என்ன செய்கிறார்? நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். செலவு பெண்ணின் அப்பாவுடையது. மந்திரம் சொல்பவர் ஐயர். ஆனால் மண்டபம் பிடித்து, சமையல்காரரைப் பேசி முடித்து, நாதஸ்வரக்காரர் வராவிட்டால் ஆள் அனுப்பி, கடைசிப் பந்தி வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடும் மாமா ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால் கல்யாணம் நடக்காது. ஹாலிவுட் தயாரிப்பாளர் அந்த மாமா. ஒரு வித்தியாசம் உண்டு: பெண்ணையும் மாப்பிள்ளையையும் தேர்ந்தெடுப்பதே இந்த மாமாதான். பிடிக்கவில்லை என்றால் பாதியில் ஐயரையும் மாற்றிவிடுவார்.

ஐயரை மாற்றிய கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். ஆள், டேவிட் ஓ. செல்ஸ்னிக்.

திவாலானவரின் மகன்

செல்ஸ்னிக் 1902 மே 10 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பெயருக்கு நடுவில் நிற்கும் அந்த 'ஓ' பெற்றோர் வைத்ததல்ல. எடுப்பாக இருக்கட்டும் என்று அவரே பின்னாளில் சேர்த்துக்கொண்டது. எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை. தன் பெயரையே எடிட் செய்த மனிதர் மற்றவர்களின் திரைக்கதையைச் சும்மா விடுவாரா?

அப்பா லூயிஸ் செல்ஸ்னிக் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதர். நகை வியாபாரத்திலிருந்து மௌனப்பட வியாபாரத்துக்கு வந்து சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தார். 1923-ல் நிறுவனம் திவாலானது. அப்போது டேவிட்டுக்கு 21 வயது. அப்பாவை வீழ்த்தியவர்கள் என்று குடும்பம் நினைத்தது பெரிய ஸ்டூடியோ முதலாளிகளைத்தான். அண்ணன் மைரன் நடிகர்களின் ஏஜெண்ட்டாகி, அதே ஸ்டூடியோக்களிடம் நட்சத்திரங்களின் சம்பளத்தை ஏற்றிக் கேட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். தம்பி அந்த ஸ்டூடியோக்களுக்குள்ளேயே வேலைக்குப் போனார்.

1926-ல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் கதை படித்துப் பரிந்துரைக்கும் சின்ன வேலை. சீக்கிரமே கௌபாய் படங்களின் பக்கம் நகர்த்தினார்கள். அங்கே ஒரே குழுவை, ஒரே நடிகரை, ஒரே இடத்துக்கு அழைத்துப்போய் ஒரே சமயத்தில் இரண்டு படங்களை எடுத்து முடித்தார். செலவு எங்கே குறையும் என்று பார்க்கத் தெரிந்த பையன் என்ற பெயர் கிடைத்தது. (பிற்காலச் செல்ஸ்னிக்கை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.)

அன்றைய எம்.ஜி.எம்.மில் படைப்பு விஷயங்களில் கடைசி வார்த்தை இர்விங் தால்பெர்க்குடையது. ஸ்டூடியோவின் எல்லாப் படங்களையும் ஒற்றை ஆளாக மேற்பார்த்தவர். திரையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாதவர். தயாரிப்பாளர் என்பவர் மாதச் சம்பளக்காரர், ஆனால் இயக்குநருக்கு மேலே இருப்பவர் என்ற முறை வேரூன்றியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் தால்பெர்க்கோடு ஒரு படம் குறித்து வாக்குவாதம் செய்து, செல்ஸ்னிக் வேலையை இழந்தார். அப்புறம் பாரமவுண்ட். 1931-ல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் தயாரிப்புத் தலைவர்.

'கிங் காங்' (1933) படத்தில் அவர் பெயர் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் என்று வரும். அந்தக் குரங்கை உருவாக்கியதில் அவருக்கு நேரடி வேலை ஒன்றும் இல்லை. அது மெரியன் கூப்பர் குழுவினரின் உழைப்பு. ஆனால் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஸ்டூடியோவில், இந்த விபரீத யோசனைக்குப் பணம் ஒதுக்கிச் சரி சொன்னவர் அவர். எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் என்றால் பெரும்பாலும் இதுதான்: தினமும் படப்பிடிப்புக்கு வரமாட்டார்; ஆனால் பணத்துக்கோ உரிமைக்கோ அனுமதிக்கோ அவர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

1930-ல் அவர் திருமணம் செய்துகொண்டது எம்.ஜி.எம். முதலாளி லூயி பி. மேயரின் மகள் ஐரீனை. தால்பெர்க்குக்கு மாரடைப்பு வந்தபின், 1933-ல் மாமனார் மருமகனைத் திரும்ப அழைத்தார். ஊரே கேலி செய்தது. 'டின்னர் அட் எயிட்', 'டேவிட் காப்பர்ஃபீல்ட்', 'அன்னா கரெனினா' என்று வரிசையாக வெற்றி வந்தபிறகும் மருமகன் என்ற பட்டம் மட்டும் போகவில்லை. 1935-ல் வெளியேறிச் சொந்தமாக செல்ஸ்னிக் இண்டர்நேஷனல் பிக்சர்ஸைத் தொடங்கினார். சொந்தம் என்று சொன்னாலும் பணம் ஜான் ஹே விட்னி போன்ற கிழக்குக் கரைக் கோடீஸ்வரர்களுடையது. நம் பாலபாடம் நினைவிருக்கிறதல்லவா?

ஒரு நாவல், மூன்று வருடம்

தயாரிப்பாளரின் வேலை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், கதை உரிமையில். இன்று ஹாலிவுட்டில் ஒரு நாவல் பிடித்திருந்தால் உடனே முழு விலை கொடுத்து வாங்கமாட்டார்கள். 'ஆப்ஷன்' எடுப்பார்கள். வீடு வாங்குமுன் அட்வான்ஸ் கொடுத்து வேறு யாருக்கும் விற்காதே என்று பிடித்துவைப்பது போல. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் கூடிவந்தால் மீதியைக் கொடுப்பார்கள். இல்லையென்றால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பிவிடும்.

செல்ஸ்னிக் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, நேராக வாங்கினார். 1936-ல் அவருடைய நியூயார்க் கதைப் பிரிவிலிருந்த கே பிரவுன், இன்னும் கடைக்கு வராத ஒரு தடித்த நாவலை விடாமல் சிபாரிசு செய்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாக வைத்து மார்கரெட் மிட்செல் எழுதிய 'கான் வித் தி விண்ட்'. செல்ஸ்னிக் முதலில் தயங்கினார். நீங்கள் வாங்காவிட்டால் நானே வாங்குகிறேன் என்று விட்னி சொன்னபிறகுதான் அசைந்தார். விலை 50,000 டாலர். ஒரு முதல் நாவலுக்கு அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை.

அடுத்தது நடிகர். கதாநாயகன் ரெட் பட்லர் பாத்திரத்துக்கு வாசகர்கள் மனத்தில் ஒரே முகம், கிளார்க் கேபிள். அவரோ எம்.ஜி.எம்.மின் ஒப்பந்த நடிகர். அதாவது மாமனாரின் சொத்து. 1938-ல் பேரம் முடிந்தது. எம்.ஜி.எம். கேபிளைக் கொடுக்கும், கூடவே 12.5 லட்சம் டாலர் கொடுக்கும். பதிலுக்குப் படத்தின் லாபத்தில் பாதியும் விநியோக உரிமையும் அந்தத் தரப்புக்கு. ஒரு நடிகருக்காகப் பாதி லாபத்தை யாராவது கொடுப்பார்களா என்று தோன்றலாம். ஆனால் நடிகர், பட்ஜெட்டில் பெரும்பகுதி, தியேட்டர்கள் ஆகிய மூன்றும் ஒரே கையெழுத்தில் கிடைத்தன. சிதறிக் கிடப்பவற்றை இப்படி ஒரே மூட்டையாகக் கட்டுவதைத்தான் இன்றும் 'பேக்கேஜ்' என்கிறார்கள். தயாரிப்பாளரின் திறமை பாதி இதில்தான்.

ஒரு சிக்கல் பாக்கி. செல்ஸ்னிக்குக்கு யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்தோடு ஏற்கெனவே விநியோக ஒப்பந்தம் இருந்தது. 1938 முடியும்வரை வேறு யாருக்கும் படம் கொடுக்க முடியாது. நாவலின் சூடு ஆறாமல் அதுவரை எப்படி இழுப்பது? கதாநாயகி ஸ்கார்லெட்டுக்கு நாடு முழுக்கத் தேடல் நடத்தினார். ஊர் ஊராக ஆட்கள் போனார்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தேடல் உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் காலாவதியாகும்வரை ஒரு பைசா விளம்பரச் செலவில்லாமல் மக்கள் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததும் உண்மை. அவருடைய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காத்திருப்பதையே விளம்பரமாக மாற்றியிருக்கிறார், பாருங்கள்.

முதல் காட்சி 1938 டிசம்பர் 10 இரவு படமானது: அட்லாண்டா நகரம் எரியும் காட்சி. கல்வர் சிட்டி ஸ்டூடியோவின் பின்புறம் பழைய படங்களின் செட்டுகள் நின்றுகொண்டிருந்தன. 'கிங் காங்' படத்தின் பெரிய மதில் வாசலும் அதில் ஒன்று. புதிய செட் போட இடம் வேண்டும், பழையதை இடிக்கக் கூலி ஆகும். எரித்துவிட்டால்? இடமும் காலி, காட்சியும் ரெடி. ஒரே தடவைதான் எரிக்க முடியும் என்பதால் வண்ணத்தில் படமெடுக்க அப்போதிருந்த ஏழு டெக்னிகலர் கேமராக்களையும் கொண்டுவந்தார்கள். ஸ்கார்லெட் இன்னும் முடிவாகாததால் தூரத்தில் டூப் நடிகர்கள். அந்த நெருப்பு அடங்கும் நேரத்தில் அண்ணன் மைரன், விவியன் லீ என்ற பிரிட்டிஷ் நடிகையை அழைத்துவந்து, இதோ உன் ஸ்கார்லெட் என்று அறிமுகப்படுத்தினாராம். ஹாலிவுட்டின் பிரபலமான கதை இது, கொஞ்சம் மசாலா கலந்திருக்கலாம். விவியன் லீ அங்கே இருந்ததும், அடுத்த சில வாரங்களில் அவரே தேர்வானதும் நிஜம்.

இப்போது ஐயரை மாற்றிய கதை. 1939 ஜனவரி கடைசியில் முறையான படப்பிடிப்பு தொடங்கியது. இயக்குநர் ஜார்ஜ் கியூக்கர், செல்ஸ்னிக்கின் நெடுநாள் நண்பர், இந்தப் படத்துக்காகவே இரண்டு வருடம் உழைத்தவர். மூன்று வாரத்துக்குள் நீக்கப்பட்டார். படப்பிடிப்பின் வேகம், தினமும் மாறிக்கொண்டிருந்த திரைக்கதை எதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 'தி விஸர்ட் ஆஃப் ஆஸ்' எடுத்துக்கொண்டிருந்த விக்டர் ஃப்ளெமிங் வந்தார். அவர் களைத்துப்போய் நடுவில் விலகியபோது சாம் வுட் வந்து கொஞ்சம் எடுத்தார். ஃப்ளெமிங் திரும்பிவந்தபின் இருவரும் தனித்தனிக் காட்சிகளை எடுத்தார்கள்.

எழுத்தாளர்கள் கதை இதைவிட மோசம். சிட்னி ஹோவார்ட் பெயர் திரையில் வருகிறது. அவருக்குப்பின் கைவைத்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். அதில் ஒருவரான பென் ஹெக்ட் நாவலையே படித்ததில்லை. செல்ஸ்னிக் காட்சிகளை நடித்துக் காட்ட, தான் இரவு பகலாக எழுதியதாகவும், சாப்பிட வாழைப்பழமும் வேர்க்கடலையும்தான் கிடைத்ததாகவும் பின்னாளில் எழுதியிருக்கிறார். செல்ஸ்னிக்கைத் தூங்கவிடாமல் ஓடவைத்தது பென்ஸெட்ரின் என்ற ஊக்க மாத்திரை. உழைப்பாளி என்று புகழும் கட்டுரைகள் அதைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன.

மூன்று இயக்குநர், பத்துக்கும் மேல் எழுத்தாளர். படம் மட்டும் ஒரே கை செய்தது போல இருக்கிறது. அந்தக் கை யாருடையது? தயாரிப்பாளர் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

குறிப்பு எழுதும் முதலாளி

செல்ஸ்னிக்கின் ஆயுதம் மெமோ, அதாவது எழுத்துக் குறிப்பு. உதவியாளர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கேபிளின் உடைகள் உடம்பில் சரியாக உட்காரவில்லை, காலர் அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு மெமோ. ஸ்வீடனிலிருந்து வரவழைத்த இங்க்ரிட் பெர்க்மனின் புருவத்தைத் தொடக்கூடாது, பெயரையும் மாற்றக்கூடாது என்பதும் அவர் எடுத்த முடிவு. அன்றைய ஹாலிவுட்டில் வெளிநாட்டு நடிகை வந்தால் முதலில் செய்யும் காரியமே அந்த இரண்டும்தான். பெர்க்மனின் முகம் உலகத்துக்குப் புதிதாகத் தெரிந்ததற்கு அது ஒரு காரணம்.

இதே பிடிவாதம் எங்கே தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 'கான் வித் தி விண்ட்' அடிமைமுறையை அழகுபடுத்திக் காட்டும் நாவல். கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் படப்பிடிப்புக்கு முன்பே எதிர்த்தன. செல்ஸ்னிக் காதுகொடுத்துக் கேட்டார். கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லை நீக்கினார், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் பெயரை எடுத்தார். காலர் மடிப்பு வரை பார்த்த கண், சந்தோஷமான அடிமைகள் என்ற பொய்யை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் முதல் காட்சி. இனப்பிரிவினைச் சட்டம் காரணமாக ஸ்கார்லெட் வீட்டுப் பணிப்பெண் மேமியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் அங்கே வர முடியவில்லை. சில வாரங்கள் கழித்து ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். அந்த விழாவிலும் அவருக்குத் தனி மேசைதான்.

சுமார் 40 லட்சம் டாலர் செலவில் எடுத்த படத்துக்குப் போட்டிப் பிரிவுகளில் 8 ஆஸ்கர் கிடைத்தன. மறு வருடம் 'ரெபெக்கா' சிறந்த படம். இங்கிலாந்திலிருந்து இயக்குநர் ஹிட்ச்காக்கைக் கூட்டிவந்து எடுத்தது. ஹிட்ச்காக் நாவலைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிக் கொடுக்க, இவர் அதிர்ந்துபோய் நீளமான மெமோ அனுப்பி மூலக்கதைக்கே திரும்ப வைத்தார். ஹிட்ச்காக்கும் லேசுப்பட்டவர் அல்ல. தேவையான துண்டுகளை மட்டுமே படம்பிடித்தார். எடிட்டிங் மேசையில் செல்ஸ்னிக் வேறுவிதமாக ஒட்ட நினைத்தாலும் ஒட்டுவதற்குத் துண்டு இருக்காது!

பெரிய படம், கைமாறிய லாபம்

ஆரம்ப வாசகர்கள் குழம்பும் இடம் இது. படத்தை உருவாக்குவது வேறு, அதற்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு.

இரண்டு வெற்றிக்குப்பின் பணம் கொட்டியது, கூடவே வருமான வரியும். சொத்தை விற்று வரும் லாபத்துக்கு அன்று வரி குறைவு. அதனால் பங்காளிகள் நிறுவனத்தையே கலைத்து, சொத்தைப் பிரித்து விற்றுக்கொள்ள முடிவெடுத்தார்கள். அந்தக் கணக்கில் செல்ஸ்னிக் 'கான் வித் தி விண்ட்' படத்தில் தனக்கிருந்த பங்கை விட்னியிடம் விற்றார். விட்னியிடமிருந்து அது எம்.ஜி.எம்.முக்குப் போனது. 1947, 1954, 1961 என்று மறுபடி மறுபடி வெளியாகி அந்தப் படம் சம்பாதித்த பணத்தில் அதை உருவாக்கியவருக்குப் பங்கில்லை. நிறுவனத்தைக் கலைக்கும்போது மார்கரெட் மிட்செலுக்கு இன்னொரு 50,000 டாலர் அனுப்பிவைத்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம் சில வருடம் படமே எடுக்காமல் சம்பாதித்தார். ஒப்பந்தத்தில் இருந்தவர்களை மற்ற ஸ்டூடியோக்களுக்கு வாடகைக்கு விடுவது. சம்பளத்தைவிட அதிகமாக வாங்கி மிச்சத்தை வைத்துக்கொள்வது. 'காசாபிளாங்கா'வில் பெர்க்மன் நடித்தது அப்படி வார்னர் பிரதர்ஸுக்குக் கடன் கொடுக்கப்பட்டுத்தான். தயாரிப்பாளர் தரகராக மாறிய காலம். ஹிட்ச்காக்குக்கும் பெர்க்மனுக்கும் அதில் மனக்கசப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை.

1940-களின் கடைசியில் தரையே நகர்ந்தது. ஸ்டூடியோக்கள் தங்களுக்குச் சொந்தமான தியேட்டர்களை விட்டுவிட வேண்டும் என்று 1948-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. டெலிவிஷன் வந்தது. நீண்டகால ஒப்பந்தங்கள் கரைந்தன. கதை, நடிகர், இயக்குநர் என்று மூட்டை கட்டும் வேலை ஏஜெண்ட்டுகள் கைக்குப் போனது. மைரன் தொடங்கிவைத்த தொழில். அதைப் பார்க்க அவர் இல்லை, 1944-லேயே இறந்துவிட்டார்.

இன்றைய டைட்டில் நெரிசலுக்கும் வேர் இங்கேதான். ஸ்டூடியோவின் மாதச் சம்பளத் தயாரிப்பாளர் போனபின், ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கூட்டணி அமைகிறது. பணம் கொண்டுவந்தவர், உரிமையை வைத்திருந்தவர், நட்சத்திரத்தின் மேனேஜர் எல்லாருக்கும் ஒரு புரொட்யூசர் பட்டம். லைன் புரொட்யூசர் மட்டும் வேறு ரகம். தினசரிச் செலவையும் கால்ஷீட்டையும் கையில் வைத்திருப்பவர், நம் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அண்ணன் மாதிரி. நிஜமாகவே வேலை பார்த்த தயாரிப்பாளர் யார் என்று காட்டத்தான், அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் சில பெயர்களுக்குப் பின்னால் பி.ஜி.ஏ. என்ற மூன்று சின்ன எழுத்துகளைப் போட அனுமதிக்கிறது. அடுத்தமுறை பார்த்தால் அந்த எழுத்துகளைத் தேடுங்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்க மேடை ஏறுவது இயக்குநர் அல்ல, தயாரிப்பாளர்கள்தான் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செல்ஸ்னிக் மாறவில்லை. ஐரீனுடன் திருமண முறிவு, 1949-ல் நடிகை ஜெனிஃபர் ஜோன்ஸுடன் திருமணம். (ஐரீன் அதற்கு முன்பே பிராட்வேயில் நாடகத் தயாரிப்பாளராகி, 1947-ல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிஸையர்' நாடகத்தை மேடையேற்றியிருந்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) 'டூயல் இன் தி சன்' எடுத்தபோது தலையீடு தாங்காமல் இயக்குநர் கிங் விடோர் படப்பிடிப்பிலிருந்து நடந்தே போய்விட்டார். 1957-ல் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' படத்துக்கு ஜான் ஹூஸ்டனை அமர்த்தி, அவருக்குப் பதினாறு பக்க மெமோ ஒன்றை அனுப்பினார். ஹூஸ்டன் படத்திலிருந்து விலகிக்கொண்டார். 1939-ல் கியூக்கரை இவர் அனுப்பினார். 1957-ல் இயக்குநர் தானே கிளம்பினார்.

வேறொருவர் இயக்கி அந்தப் படம் வெளியானது, எடுபடவில்லை. அதுதான் கடைசி. 1965 ஜூன் 22 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இதயக் கோளாறால் இறந்தபோது வயது 63. 'கான் வித் தி விண்ட்' பல கைகள் மாறி இப்போது வார்னர் பிரதர்ஸிடம் இருக்கிறது. செல்ஸ்னிக் சொல்லச் சொல்ல எழுதிய மெமோக்களும் மற்ற காகிதங்களும் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், ஹாரி ரான்சம் மையத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்னும் படித்து முடித்தபாடில்லை.